‘போடுவோம்’ என்றால் எப்போது?

அரபி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அரபி போதாது என்ற பயம் எனக்கு இல்லை. அது வந்துவிடும். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன். நானும் அப்படி நம்பியவன்தான். முப்பது வருடம் வாய்மொழிபெயர்ப்பாளனாகச் சோறு தின்றவன், ஒரு வியாழக்கிழமை மதியம் என் தாய்மொழியில் தடுக்கி விழுந்தேன். விழுந்தது நான். அடிபடப் போனது இன்னொரு மனிதர்.

அதற்கு முன்பு ஒரு சின்னக் கதை. சிரித்துக்கொண்டே கேளுங்கள், பிறகு சிரிப்பு வராது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில் வளைகுடா வேலைக்கு நேர்காணல் நடந்தது. வீட்டு டிரைவர் வேலை. அருமனையிலிருந்து வந்த ஒரு இளைஞனிடம் அரபி முதலாளி கேட்டார், “சாயங்காலங்களில் என்ன செய்வாய்?” ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளும் கேள்வி அது. அவன் சொன்னான், “வைட்டு ஆனா குளிப்பேன். சாயா குடிப்பேன். கூட்டுக்காரங்ககூட பந்து வெளையாடுவேன்.” வைட்டு என்றால் மேற்கே நம் பக்கம் சாயங்காலம் என்று உங்களுக்குத் தெரியும். குளிப்பேன், குடிப்பேன், விளையாடுவேன். பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் எனக்கு அப்படியே நினைவிருந்தது. ‘வேன்’, ‘பேன்’ என்று முடிந்தால் எதிர்காலம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஸவ்ஃப’ போட்டேன். அரபியில் அது நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும் சொல். முதலாளி கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டார், “என் வீட்டுக்கு வந்து குளிக்கப் போகிறானாம், தேநீர் குடிக்கப் போகிறானாம், பந்து விளையாடப் போகிறானாம். வண்டியை யார் ஓட்டுவது, நானா?”

அறையே சிரித்தது. அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. எனக்குத்தான் அடுத்த நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை.

அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தமிழன் ‘குடிப்பேன்’ என்றால் நாளைக்கு மட்டும் இல்லை, தினமும் குடிக்கிறேன் என்றும் அர்த்தம். பழக்கத்தை அரபியில் சொல்ல ‘ஸவ்ஃப’ வேண்டாம், வினைச்சொல்லைச் சும்மா வைத்து ‘குல்ல மஸா’, அதாவது ஒவ்வொரு மாலையும், என்று சேர்த்தால் போதும். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். அரைகுறையாகக் கற்றுக்கொண்டதை முழுசாகத் தெரியும் என்று நம்பியே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இனி அந்த வியாழக்கிழமை.

அப்போதெல்லாம் நான் குளச்சலில் என் வீட்டு மாடியறையில் கணினி முன்னால் உட்கார்ந்தே வேலை செய்யத் தொடங்கியிருந்தேன். அங்கே வளைகுடாவில் வக்கீல் கைதியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நான் இங்கே திரையில். வழக்கு இதுதான். நம் கடற்கரைக்காரர் ஒருவர், அருளப்பன் என்று பெயர், அங்கே ஒரு மீன்பிடி லாஞ்சின் டிரைவர். தடைசெய்யப்பட்ட கடல் எல்லைக்குள் போய்விட்டார் என்று ரோந்துப் படகு அவரையும் கூட இருந்த மூன்று பேரையும் பிடித்துவிட்டது. எஞ்சின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது என்பது அவர் தரப்பு. வேண்டுமென்றே போனார்கள் என்பது காவல் தரப்பு. தவறிப் போனவர் என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வழக்கமாகப் போகிறவர் என்றால் வருடக்கணக்கில் சிறை. அன்று மதியம் அவருடைய வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை அது அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போயாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்.

வக்கீல் சின்ன வயதுப் பெண். வக்கீல்களை அங்கே மரியாதையாக ‘உஸ்தாத்’ என்பார்கள், பெண் என்றால் ‘உஸ்தாதா’. கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். நானும் உஸ்தாதா என்றே கூப்பிட்டேன்.

என் அறையில் இன்னொருவரும் இருந்தார். அருளப்பனின் மனைவி செல்வமேரி. விதிப்படி கூடாது. ஆனால் இரண்டு மாதமாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்று முந்தின நாளே வந்து என் வாசலில் நின்றாள். “காக்கா, நான் மூச்சுகூட விடமாட்டேன். ஓரமா இருந்து பாத்துக்கிடுதேன்.” எங்கள் முஸ்லிம் தெருவில் அண்ணனைக் காக்கா என்போம். அவள் கிறிஸ்தவப் பெண், இருந்தாலும் எங்கள் தெருவில் மீன் விற்றுப் பழகியவள், அப்படித்தான் கூப்பிடுவாள். உஸ்தாதாவிடம் கேட்டேன். உட்காரட்டும், பேசக்கூடாது என்றார்.

முதல் அரைமணி நேரம் நன்றாகப் போயிற்று. அப்புறம் உஸ்தாதா கேட்டார், “பிடிபட்ட அந்த இடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?”

அருளப்பன் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார், “தெரியாம என்ன? வைட்டு ஆனா அங்கதான வலை போடுவோம்.”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழைய பாடம் இருக்கிறதே! ‘ஸவ்ஃப’ போடவில்லை. “நர்மிஷ் ஷபக்க ஹுனாக்க குல்ல மஸா” என்றேன். ஒவ்வொரு மாலையும் அங்கே வலை வீசுகிறோம். சரியான அரபி, சுத்தமான அரபி.

உஸ்தாதாவின் பேனா நின்றது. “ஒவ்வொரு மாலையுமா? நன்றாகக் கேளுங்கள்.”

கேட்டேன். “அருளப்பா, தினமும் அங்க போடுவீங்களா?”

“ஆமா காக்கா, தெனமும் போடுவோம். நல்ல மீன் கிட்டும்.”

மக்கா, இந்த இடத்தில் நின்று பாருங்கள். நான் கேட்ட கேள்வி தமிழ். அவர் சொன்ன பதில் தமிழ். இரண்டிலும் ஒரே சொல். இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நான் ஒன்றைக் கேட்டேன், அவர் வேறொன்றைச் சொன்னார். சரிபார்க்கத்தான் திரும்பக் கேட்டேன், அந்தக் கேள்வியே தவறைச் சிமென்ட் போட்டுப் பூசிவிட்டது.

உஸ்தாதா எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இனி எஞ்சின் கதையை நான் எப்படிச் சொல்வது? தினமும் போகிறவர் அன்றைக்கு மட்டும் தவறிப்போனார் என்றால் யார் நம்புவார்? குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்பதுதான் வழி என்று சொல்லுங்கள்.”

சொன்னேன். அருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்துகொண்டு திரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பின்னால், மூச்சுவிடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள், தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

“இவரு என்னத்துக்கு இப்பப் போயி செத்துப்போன மொதலாளி கதைய எடுத்து விடுதாரு?”

ஒலியை அணைத்துவிட்டுத் திரும்பினேன். “என்ன மொதலாளி, பிள்ளே?”

“அங்க வலை போட்டதெல்லாம் பழைய மொதலாளிக்கிட்ட நின்னப்ப உள்ளதுல்லா. அவரு செத்து ஆறு வருசமாச்சு. அதுக்குப் பெறகு அங்க கோடு போட்டாச்சு, ஒருத்தனும் போவமாட்டான். அத நீங்க சொல்லல்லியா?”

நான் சொல்லவில்லை. முன்பு போடுவோம் என்றாலும் போடுவோம்தான், இப்போது போடுவோம் என்றாலும் போடுவோம்தான். நாளைக்குப் போகிறோம் என்றாலும் அதே போடுவோம். கடற்கரையில் அதைக் கேட்கிறவர்களுக்குக் காலம் தானாகத் தெரிந்துவிடும். தடைக்கோடு போட்ட இடத்தில் இன்று எவனாவது வலை போடுவானா? அதனால் அருளப்பன் ‘அப்போதெல்லாம்’ என்று சேர்க்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. அரபிக்காரருக்குத் தேவைப்படும். அங்கே முன்பு இருந்த பழக்கத்தைச் சொல்ல வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறிய சொல்லை வைத்தாக வேண்டும். அவன் என்றால் ‘கான’, நாம் என்றால் ‘குன்னா’. ‘குன்னா நர்மி’ என்றால் வீசிக்கொண்டிருந்தோம், இப்போது இல்லை. ஆறு வயதில் ஓதப்போன நாளிலிருந்து அந்தக் ‘கான’வை நான் எத்தனை ஆயிரம் தடவை உச்சரித்திருப்பேன்! அது ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பவும் மீட்கவும் வல்லது என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. யா ரப்பே, இவ்வளவு சின்னச் சொல்லுக்குள் இவ்வளவா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. கடைசியில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்போது சத்தமில்லாமல் ஒரு குன்னாவைச் சேர்க்கச் சொல்லிவிடலாமா? ‘அவர் இப்போது திருத்திச் சொல்கிறார்’ என்று அருளப்பன் தலையில் கட்டிவிட்டால் என் பெயர் கெடாது. முப்பது வருடப் பெயர். உஸ்தாதாவின் அலுவலகத்து வேலை முழுக்க எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இப்படியெல்லாம் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. ஆனால் கைதி பேச்சை மாற்றினார் என்று ஒரு வரி அதில் இருந்தால் மற்ற எந்த வரியை நம்புவார்கள்?

ஒலியைத் திறந்தேன். “உஸ்தாதா, தவறு என்னுடையது. அவர் சரியாகத்தான் சொன்னார், நான் தவறாக மொழிபெயர்த்தேன். அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.” பிறகு அவர் முன்னாலேயே அருளப்பனிடம் கேட்டேன், “அருளப்பா, அங்க போடுவோம்னீங்களே, எப்போ? இப்பமா, முன்னயா?”

“முன்ன தான், காக்கா. இப்ப எவன் போவான் அங்க? தலைக்கு வெளிவில்லாதவனா நான்?”

அதைச் சொல்லிவிட்டு, தமிழில் அந்தச் சொல் எப்படி மூன்று காலத்துக்கும் நிற்கிறது என்றும் விளக்கினேன். உஸ்தாதா எழுதியதை அடித்துவிட்டு, குன்னாவைச் சேர்த்து எழுதினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “உங்கள் மொழியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லா? அப்படியென்றால் நீங்கள் எப்படித்தான் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறீர்கள்?” என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. எனக்கும் அதே ஆச்சரியம். இத்தனை வருடம் அதற்குள்ளேயே குடியிருந்துவிட்டு, வெளியூர்ப் பெண் ஒருத்தி கேட்டபிறகுதான் என் வீட்டை நான் பார்த்தேன்.

“சரி, இப்போது மாலை நேரங்களில் என்ன செய்வார்? அதைச் சொல்லட்டும்,” என்றார் உஸ்தாதா.

அருளப்பன் சொன்னார். நானும் இந்தமுறை ஒவ்வொரு வினைச்சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். சூரியன் தண்ணியைத் தொடும்போது எஞ்சினை அணைப்பார்கள். நாலு பேரும் சேர்ந்து செபமாலை சொல்வார்கள். பிறகு பாலில்லாத கட்டஞ்சாயா. கரையிலிருந்து செல்போன் சிக்னல் எட்டும் இடத்தில்தான் லாஞ்சை நிறுத்துவார்கள். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். “ரெண்டு ரிங்கு அடிச்சு கட் பண்ணுவேன். நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். அவ எடுக்கமாட்டா.”

மிஸ்டு கால் என்பதை அரபியில் விளக்கவே எனக்கு மூன்று வாக்கியம் ஆயிற்று. பேசுவதற்காக இல்லாமல், எடுக்கக்கூடாது என்பதற்காகவே ஒருவர் கூப்பிடுவதை அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “இது பழக்கம். எனக்குப் பழக்கம் வேண்டாம். பிடிபட்ட அன்றைக்குக் கூப்பிட்டாரா?”

பார்த்தீர்களா? கூப்பிடுவார் வேறு, கூப்பிட்டார் வேறு. தினமும் நடப்பது அன்றைக்கும் நடந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேட்டேன். அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “அன்னைக்கும் அடிச்சேன்.”

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. செல்வமேரி எழுந்து நின்றுவிட்டாள். “காக்கா, அன்னைக்கு ரெண்டு ரிங்குல நிக்கல்ல. நீளமா அடிச்சு. நின்னு, திரும்பவும் அடிச்சு. நான் கையில வச்சுகிட்டுதான் இருந்தேன். எப்பளும் எடுக்கமாட்டேன்லா, அதான் எடுக்கல்ல. அவரு என்னமோ சொல்லதுக்குக் கூப்பிட்டிருக்காரு. நான் பாவி, பாத்துகிட்டே இருந்தேன்.”

இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். அழுதுகொண்டே போனை எடுத்து என் கையில் தந்தாள். அழைப்புப் பட்டியலில் கீழே, கீழே போனால், அந்த நாள். இங்கே மணி ஏழு தாண்டி, அங்கே சூரியன் விழுகிற நேரம். இரண்டு அழைப்பு. சிவப்பு எழுத்தில்.

திரையில் அதைக் காட்டினேன். கூடவே அவள் முகமும் தெரிந்துவிட்டது. அருளப்பன் அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“ஏட்டி, நீ அங்கதான் இருக்கியா?”

“எஞ்சின் நின்ன ஒடனே கூப்பிட்டீயளா?”

“ஓனருக்குப் போன் போவல்ல. நீயாவது எடுத்தா ஓனர்கிட்ட சொல்லச் சொல்லலாம்னு அடிச்சேன். பெறகு ஒழுக்கு இழுத்துட்டு. சிக்னல் போச்சு.” அதன்பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார், “அவ எடுக்கல்லன்னு சொன்னா அவ மனசு கெடந்து அடிச்சுக்கிடும். அதான் இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொல்லல்ல. இத அரபில சொல்லண்டாம், காக்கா.”

நம் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அறையில் பேசியது எதுவும் மொழிபெயர்க்கப்படாமல் போகக்கூடாது. சொல்லாதே என்று சொன்னதையும் சேர்த்துத்தான். “அருளப்பா, சொல்லித்தான் ஆகணும்,” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சின், ஓனர், ஒழுக்கு என்ற நீரோட்டம், சிக்னல், கடைசியில் சொல்லண்டாம் என்றதையும். உஸ்தாதா எழுதுவதை நிறுத்திவிட்டார். சிரிக்காத முகம் என்றேனே, அது அழவும் தெரிந்த முகம்தான். மனிதர்கள் இவ்வளவு பெரியவர்களா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. தன் விடுதலைக்கான சாட்சியை மனைவி நோகக்கூடாது என்று ஒருவர் விழுங்கி வைத்திருக்கிறார். அதே சாட்சியைத் தன் குற்றம் என்று நினைத்து இவள் ஒளித்து வைத்திருக்கிறாள். நானோ, என் பெயர் கெடக்கூடாது என்று சற்று முன்புதான் கணக்குப் போட்டவன்.

அவர்கள் தந்த நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது கையெழுத்து ஆயிற்று. அந்த அழைப்பு எந்தக் கோபுரம் வழியாகப் போனது என்று போன் நிறுவனத்திடம் உஸ்தாதா கேட்டு வாங்கினார். தடைசெய்த இடத்துக்குச் சிக்னலே எட்டாது. சூரியன் விழும்போது லாஞ்சு கரைப்பக்கம்தான் நின்றது என்று தெரிந்தது, எஞ்சினையும் பிரித்துப் பார்த்தார்கள். அதற்கும் கொஞ்ச மாதம் பிடித்தது. நாலு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு அந்த அலுவலகத்திலிருந்து வேலை வருவது நிற்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அடுத்த வாரமே உஸ்தாதா கூப்பிட்டார். தவறை ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டெல்லாம் இல்லை. “ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எப்போது என்று கேட்டுவிட்டு மொழிபெயர்ப்பீர்கள் என்றால் தொடரலாம்,” என்றார். ஓய்வு பெறும் நாள் வரை அப்படியே கேட்டேன். எரிச்சல்படுவார்கள். “காக்கா, இதுகூடவா தெரியாது?” என்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அருளப்பனும் செல்வமேரியும் வந்த மறுவாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒரு வாழையிலையில் நெய்மீன் பொதிந்து கொண்டு வந்திருந்தாள். ஆள் மெலிந்திருந்தார், மற்றபடி அதே பெருமைப் பேச்சுதான். விடைபெறும்போது வாசலில் வைத்துக் கேட்டேன், “அருளப்பா, இனி கடலுக்கு?”

“போவேன்,” என்றார்.

செல்வமேரி உடனே அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “காக்கா, கேளுங்க. எந்தப் போவேன்னு கேளுங்க. முன்ன போவேனா, இனி போவேனா?”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அருளப்பன் சிரித்து முடித்து, கொஞ்சம் யோசித்து, “ரெண்டுந்தான், பிள்ளே. வேற என்ன தெரியும் எனக்கு?” என்றார்.

அவர்கள் போனபிறகு அந்த ஒற்றைச் சொல்லை அரபியில் சொல்லிப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்தேன், போகிறேன், போகப்போகிறேன். மூன்று சொல் ஆயிற்று. அப்படியும் அந்த மனிதர் வாசலில் நின்று சொன்னது அதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உங்களில் யாருக்காவது என்றைக்காவது வந்தால், என் வீடு குளச்சலில்தான், எந்த வைட்டும் வாருங்கள், இருப்பேன்.